திரும்பி வராத ரோந்து: போர்க்கால வேவு விமானங்களும் அவற்றோடு மறைந்தவர்களும்

போரில் இறங்கும் எந்தப் படைக்கும் ஆயுதத்துக்கு முன்பாகத் தேவைப்படுவது, எதிரி எங்கே இருக்கிறான், எவ்வளவு பலத்தோடு இருக்கிறான், எந்தத் திசையில் நகர்கிறான் என்ற செய்தியாகும். அரசன் அறிய வேண்டியவற்றை வகுத்த திருவள்ளுவர் ஒற்றாடலுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கியிருப்பது இத்தேவையின் பழமையைக் காட்டும். நிலத்தில் நடந்தும் குதிரையேறியும் செய்யப்பட்ட இந்த வேலை இருபதாம் நூற்றாண்டில் வானத்துக்கு ஏறியபோது, அதைச் செய்யப் புறப்பட்டவர்களின் சாவும் தன்மை மாறியது. குண்டுவீச்சு விமானமும் சண்டை விமானமும் பெரும்பாலும் கூட்டமாகச் செல்வதால், ஒன்று வீழ்ந்தால் உடன் பறந்தவர் கண்டு சொல்வர். வேவு பார்க்கச் சென்ற விமானமோ பெரும்பாலும் தனியாகவே செல்வதால், அது வீழ்ந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லச் சாட்சி எவரும் எஞ்சுவதில்லை.

இவ்வகை விமானங்களை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். குறிப்பிட்ட கடற்பரப்பையோ எல்லையையோ மணிக்கணக்கில் சுற்றிவந்து, அங்கே புதிதாக எது தென்பட்டாலும் அறிவிப்பது ரோந்து விமானத்தின் பணி. எதிரியின் பகுதிக்கு மேல் பறந்து, ஏற்கெனவே ஐயத்துக்குரிய ஓர் இடத்தைப் படம்பிடித்துத் திரும்புவது வேவு விமானத்தின் பணி. இரண்டுக்குமே வெற்றி என்பது எதிரியை அழிப்பதில் இல்லை. கண்டதைச் சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நேராகத் தொடர்புடைய 1942 ஏப்ரல் நிகழ்ச்சிகள் இந்தப் பணியின் மதிப்பையும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் ஒருசேரக் காட்டுவதால், அவற்றை விரிவாக அறிவது பயனுடையது.

உயரமும் பார்வையும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நிற்பவருக்குத் தென்கிழக்கே சிறுமலையும், மேற்கே பழனிமலைத் தொடரும், வடக்கே அகரம், தாடிக்கொம்பு வரை விரியும் சமவெளியும் ஒரே பார்வையில் அகப்படும். கீழே நிற்பவருக்குத் தெரியாத படை மேலே நிற்பவருக்குத் தெரியும் என்பதே அந்தப் பாறையின் மேல் கோட்டை எழக் காரணங்களில் ஒன்று. பூமி உருண்டையாக இருப்பதால் பார்வையின் எல்லை உயரத்தைப் பொறுத்து மாறுகிறது. கடற்கரையில் நிற்கும் மனிதரின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 20 மீட்டர் உயரக் கப்பல் தளத்திலிருந்து பார்த்தால் அது 16 கிலோமீட்டராகிறது. 600 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்தால் 87 கிலோமீட்டரை எட்டுகிறது. மூடுபனியும் மேகமும் இதைக் குறைக்குமே தவிர, பல போர்க்கப்பல்கள் ஒரு நாள் முழுதும் தேடும் கடலை ஒரே விமானம் சில மணி நேரத்தில் பார்த்துவிடும் என்ற அடிப்படை உண்மை மாறாது.

இந்த வசதிக்கு எதிரான பலவீனங்களும் அதே விமானத்துக்குள்ளேயே இருந்தன. நெடுநேரம் பறக்க வேண்டுமென்பதால் இறக்கைகளில் எரிபொருள் நிறைத்து, வேகத்தை விட்டுக்கொடுத்து அது வடிவமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற ரோந்து விமானமான கேட்டலினா, தண்ணீரிலிருந்தே எழும்பித் தண்ணீரிலேயே இறங்கக்கூடிய ‘பறக்கும் படகு’ வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 32 மீட்டர் இறக்கை விரிவும், இரண்டு எஞ்சின்களும், ஏழு முதல் ஒன்பது பேர் வரையிலான குழுவும் கொண்ட அது, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான சாதாரண வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் பறக்க வல்லது. அதை எதிர்கொண்ட ஜப்பானிய ஜீரோ சண்டை விமானத்தின் உச்ச வேகமோ மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டியது. கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் அப்பால் செல்லும் ரோந்து விமானத்துக்குத் துணையாகப் பறந்து வரும் அளவுக்கு எரிபொருள் கொண்ட சண்டை விமானங்கள் அன்று இல்லாததால், எதிரியை அது கண்ட கணத்தில் அதைக் காப்பாற்ற மேகத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

இவற்றோடு வழியறிதலின் இடரும் சேர்ந்துகொண்டது. நிலக்குறி எதுவும் இல்லாத கடலில் வேகம், திசை, கழிந்த நேரம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் கணக்கிட்டே நேவிகேட்டர் எனப்படும் வழிகாட்டி அலுவலர் தம் இருப்பிடத்தை ஊகித்தார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று ஒன்று கணக்கில் விடுபட்டால், ஐந்து மணி நேரத்தில் விமானம் 100 கிலோமீட்டர் விலகியிருக்கும். அந்தப் பிழையைத் திருத்த சூரியனையோ நிலவையோ விண்மீனையோ கருவியால் அளந்து இருப்பிடத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பிழை திருத்தப்படாவிட்டால் எதிரியைப் பற்றிச் சொல்லும் செய்தியும் பிழையாகும். திரும்பும் வழியும் தவறி, எரிபொருள் தீர்ந்து, சுடப்படாமலே கடலில் வீழ நேரும். போர்க்கால ரோந்து விமான இழப்புகளில் ஒரு பெரும்பகுதி எதிரியின் கையால் நேராமல் வானிலையாலும் வழிதவறலாலும் எந்திரக் கோளாறாலும் நேர்ந்தமைக்கு இதுவே காரணம்.

கொக்கலை ஏரியிலிருந்து எழுந்த விமானம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச் மாதத்தில் ரங்கூனும் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் கைக்குச் சென்றபின், வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் பிரிட்டிஷ் கடற்படையின் முதன்மைத் தளமாக எஞ்சியது இலங்கை. காலிக்கு அருகே கடலோரமாக அமைந்த கொக்கலை ஏரி பறக்கும் படகுகளுக்குத் தளமாக்கப்பட்டது. ஏரியைச் சூழ்ந்த கிராமத்தார் தம் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த வீடு மட்டும் அதிகாரிகளின் தங்குமிடமாகப் பயன்பட்டதால் இடிபடாமல் தப்பி, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. போரின் இழப்புக் கணக்கில் இடம்பெறாத அந்தக் கிராமத்தாரின் இடப்பெயர்வும் ரோந்துப் பணிக்குக் கொடுக்கப்பட்ட விலையின் ஒரு பகுதியே.

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளில் பணியாற்றிவந்த கனடிய விமானப்படையின் 413-ஆம் ஸ்குவாட்ரன் அவசரமாகக் கொக்கலைக்கு அனுப்பப்பட்டது. ஸ்குவாட்ரன் என்பது பத்துப் பன்னிரண்டு விமானங்களும் அவற்றின் குழுக்களும் அடங்கிய படைப்பிரிவு. அதைச் சேர்ந்த 26 வயது ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பர்ச்சால், இலங்கைக்கு வந்து இரண்டு நாள்கூட முழுதாகக் கழியாத நிலையில், 1942 ஏப்ரல் 4-ஆம் நாள் விடியலில் தம் குழுவினர் எண்மரோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பகல் முழுதும் வெறுங்கடலைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. திரும்புமுன் நிலவை அளந்து இருப்பிடத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டி அவர்கள் மேலும் சிறிது நேரம் பறந்தபோதுதான், மாலை நான்கு மணியளவில், இலங்கையிலிருந்து ஏறத்தாழ 350 மைல் தொலைவில், தெற்கு அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன.

அந்தப் புள்ளிகள் அட்மிரல் நகுமோ தலைமையிலான ஜப்பானியக் கப்பற்படை. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே படையைச் சேர்ந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும், நான்கு போர்க்கப்பல்களும், குரூசர்களும், நாசகாரிக் கப்பல்களும் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தன. தொலைவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் விமானம் தப்பியிருக்கலாம்; ஆயினும் கப்பல்களின் எண்ணிக்கை, வகை, செல்திசை, வேகம் ஆகியவை இல்லாத செய்தியால் கரையில் இருப்பவர்க்குப் பெரும் பயன் விளையாது என்பதால் பர்ச்சால் இன்னும் நெருங்கினார். ரோந்துக் குழுவினரின் தீர்மானங்களில் மிகக் கடினமானது இதுவே: செய்தி முழுமையாக வேண்டுமானால் அருகே செல்ல வேண்டும், அருகே சென்றால் உயிருக்கு உறுதியில்லை.

ஜீரோ விமானங்கள் மேலெழுந்து சூழ்ந்துகொண்டபோது, கம்பியில்லாத் தந்தி இயக்குநர் செய்தியை அனுப்பத் தொடங்கிவிட்டார். கேட்பவர் பிழையின்றிப் பெற வேண்டுமென்பதற்காக இத்தகைய செய்தியை மூன்று முறை அனுப்புவது நடைமுறை. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையில் குண்டுகள் தந்திக் கருவியைச் சிதைத்தன. எரிபொருள் தொட்டிகள் தீப்பற்றின. விமானத்தைப் பர்ச்சால் கடலில் இறக்கினார். ஒன்பது பேரில் ஒருவர் விமானத்தோடு மூழ்கினார்; படுகாயமடைந்திருந்த இருவர், நீரில் மிதந்தவர்கள்மீது தொடர்ந்த துப்பாக்கிச்சூட்டுக்கு இரையாயினர். எஞ்சிய அறுவரை இசோகாசே என்ற நாசகாரிக் கப்பல் சிறைப்பிடித்தது. செய்தி அனுப்பவில்லை என்று அவர்கள் சாதித்தபோதும், தெளிவில்லாத பகுதியை மறுபடி அனுப்புமாறு கொழும்பு வானலையில் கேட்டதை ஜப்பானியர் கேட்டுவிட்டதால், அவர்கள் கடுமையாக அடிக்கப்பட்டனர். போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாயிருந்த பர்ச்சால், முகாம்களில் நோயாளிகளான கைதிகளைக் காக்கக் காவலரை எதிர்த்து நின்றமைக்காகவும் பின்னர் சிறப்பிக்கப்பட்டார். கனடாவில் ‘இலங்கையின் மீட்பர்’ என்று போற்றப்பட்ட அவர் 2004-இல் காலமானார்.

பெயர் பெறாத இரண்டு குழுக்கள்

பர்ச்சாலின் கதை ஓரளவு பரவியிருப்பதற்கு அவர் உயிரோடு திரும்பி அதைச் சொன்னது ஒரு முக்கிய காரணம். அதே வாரத்தில் அதே கப்பற்படையைத் தேடிச் சென்ற வேறு இரண்டு கேட்டலினாக்களின் குழுவினர் திரும்பாததால், அவர்களின் கடைசி நேரம் பற்றித் தெரிவது அவர்கள் அனுப்பிய சில வரிகளும் எதிரியின் குறிப்பேடுகளும் மட்டுமே.

முதல் செய்தி வந்த இரவே, எதிரியைத் தொடர்ந்து கண்காணிக்கப் பிரிட்டிஷ் விமானப்படையின் 205-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த கேட்டலினா ஒன்று ஃப்ளைட் லெப்டினன்ட் கிரஹாம் தலைமையில் புறப்பட்டது. ஒருமுறை கண்டு சொல்லிவிட்டு விலகாமல், எதிரியின் பார்வை விளிம்பிலேயே நின்று அவன் திசை மாறும்போதெல்லாம் அறிவிக்கும் இந்த வேலையை நிழல்தொடர்தல் எனலாம். இருளில் கப்பற்படையைக் கண்டு அறிவித்த அந்த விமானம் விடியலை ஒட்டிய நேரத்தில் வீழ்த்தப்பட்டது. குழுவினர் ஒருவரும் பிழைக்கவில்லை. ஏப்ரல் 9-ஆம் நாள் காலை, திருகோணமலைக்குக் கிழக்கே மீண்டும் அதே கப்பற்படையைக் கண்டு அறிவிக்கத் தொடங்கிய 413-ஆம் ஸ்குவாட்ரனின் மற்றொரு கேட்டலினா, ஃப்ளைட் லெப்டினன்ட் ரே தாமஸ் தலைமையில் பறந்தது. அதன் செய்தி இடையிலேயே அறுந்துபோயிற்று. அறுபட்ட செய்தியும் ஒரு செய்திதான் என்பதைக் கரையிலிருந்தவர் அறிவர்: எதிரியின் சண்டை விமானங்கள் எட்டும் தொலைவில் அவன் இருக்கிறான் என்று அந்த மௌனமே அறிவித்தது.

ஐந்து நாள் இடைவெளியில் மூன்று கேட்டலினாக்கள் ஒரே கப்பற்படையைக் கண்டு வீழ்ந்தன. இதே நாள்களில் ஜப்பானியரின் வேவு விமானங்களும் தம் பணியைச் செய்தன. ஏப்ரல் 5 அன்று டோனே என்ற குரூசரின் கடல்விமானம் கண்டு அறிவித்ததால் டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு பிரிட்டிஷ் குரூசர்கள் மூழ்கடிக்கப்பட்டு நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏப்ரல் 9 அன்று ஹருனா போர்க்கப்பலின் கடல்விமானம் கண்டு அறிவித்ததால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோரின் வாழ்வும் சாவும் ஓரிரு விமானங்களின் பார்வையில் தங்கியிருந்த வாரம் அது.

செய்தி காத்ததும் காக்கத் தவறியதும்

பர்ச்சால் அனுப்பிய செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து நகரக்கூடிய கப்பல்களில் பெரும்பாலானவை அன்றிரவே வெளியேற்றப்பட்டன. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, பேர்ல் ஹார்பரில் கண்டதுபோல நெருக்கமாக நங்கூரமிட்ட கப்பற்கூட்டம் அவற்றுக்கு அகப்படவில்லை. அதேவேளை, செய்தி கிடைத்தும் அதன் பயன் முழுமையாகக் கிட்டவில்லை என்பதையும் வரலாறு பதிவு செய்கிறது. ஏப்ரல் முதல் நாளை ஒட்டித் தாக்குதல் வருமென்று காத்திருந்த பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கப்பற்படை, எதுவும் வராததால் எரிபொருள் நிரப்ப மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குச் சென்றிருந்தது. கொழும்பின் ரேடார் தாக்குதல் விமானங்களின் வருகையை முன்னறிவிக்கத் தவறியதால், பல சண்டை விமானங்கள் தரையிலிருந்து எழும்பும்போதே தாக்கப்பட்டன. ஆறு பிரிட்டிஷ் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் அன்று காலையில் கொழும்புக்கு மேலேயே சுட்டு வீழ்த்தப்பட்டன.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. உயிரைக் கொடுத்து ஒருவர் அனுப்பும் செய்தியின் மதிப்பை நிறுவுவது அதைப் பெறுபவரின் ஆயத்தமே. வானில் பறப்பவரின் துணிவைப் புகழ்வதோடு நின்றுவிட்டு, கரையில் அச்செய்தியைக் கையாளும் அமைப்பைச் செம்மைப்படுத்தாத எந்தப் படையும் தன் ரோந்துக் குழுவினருக்குச் செய்ய வேண்டிய முதற்கடமையில் தவறுகிறது.

கண்ணில்லாத கரை

கொழும்புக்குக் கிடைத்த செய்தி போன்ற ஒன்று அதே வாரத்தில் சென்னைக்குக் கிடைக்கவில்லை. போர் தொடங்கியபின் இந்தியக் கடற்கரையைக் காக்க அமைக்கப்பட்ட கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகளில் முதலாவது சென்னையில் இருந்தது. இந்தியத் தன்னார்வ விமானிகள் பலர் பணியாற்றிய அந்தப் பிரிவுகளுக்குத் தொடக்கத்தில் தரப்பட்டவை வாப்பிட்டி போன்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். கேட்டலினாவைப் போல நடுக்கடல்வரை சென்று திரும்பும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. ஜப்பானிய அட்மிரல் ஒசாவாவின் தனிப் படை வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. எதிரி அடுத்து எங்கே வருகிறான் என்று உறுதியாகச் சொல்லக் கடலுக்கு மேல் போதிய விமானங்கள் இல்லாத நிலையில், படையிறக்கம் நேரப்போகிறது என்ற அச்சம் சென்னையைப் பிடித்தது. 1914-இல் எம்டன் கப்பலின் குண்டுவீச்சைக் கண்ட நகரம் அது. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசு நகரைவிட்டு வெளியேறுமாறு அறிவித்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் மக்கள் பெருந்திரளாக வெளியேறிச் சொந்த ஊர்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் சென்றனர். வராத ஒரு படையெடுப்புக்கு அஞ்சி ஒரு மாநகரம் காலியானது, ரோந்து விமானம் இல்லாத கடற்கரையில் வதந்தியே செய்தியாகிவிடும் என்பதற்குச் சான்று. கடலையே பார்த்திராத சமவெளி ஊர்களின் அமைதியும் தொலைகடலில் பறக்கும் சிலரின் கண்ணைச் சார்ந்திருக்கிறது என்பதை உணர்த்துவதும் அதுவே.

அந்தக் குறை அதே ஆண்டு நிரப்பப்பட்டது. 1942 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் தன் கேட்டலினாக்களோடு சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரிக்கு வந்து சேர்ந்தது. செங்குன்றம் தளம் என்ற பெயரில் போர் முடியும்வரை இயங்கிய அவ்விடத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ரோந்துகளும், மூழ்கிய கப்பல்களில் தப்பியவரைத் தேடும் பயணங்களும், ஜப்பானியர் பிடியிலிருந்த பகுதிகளுக்கு ஆள் இறக்கும் இரகசியப் பயணங்களும் நடந்தன. ஐரோப்பியக் கடல்களில் இதே பணியைச் செய்த பிரிட்டிஷ் கடலோரக் கட்டளைப் பிரிவு, போர்க்காலம் முழுவதிலும் ஏறத்தாழ 2,000 விமானங்களையும் 5,800-க்கும் மேற்பட்ட வீரர்களையும் இழந்தது என்ற கணக்கு, உலகளவில் இப்பணியின் இழப்பு எத்தகையது என்பதைக் காட்டும்.

சுதந்திர இந்தியாவின் இழப்புகள்

விடுதலைக்குப் பின்னும் இந்த இழப்புகள் தொடர்ந்தன. 1959 ஏப்ரல் 10 அன்று, போர் எதுவும் நடவாத காலத்தில், பாகிஸ்தானுக்கு மேல் பறந்த இந்திய விமானப்படையின் கேன்பரா வேவு விமானம் ராவல்பிண்டிப் பகுதியில் சேபர் விமானத்தால் வீழ்த்தப்பட்டது; குதித்துத் தப்பிய விமானி சென் குப்தாவும் நேவிகேட்டர் ராம்பாலும் பிடிபட்டுப் பின்னர் திருப்பியனுப்பப்பட்டனர். 1999 மே 21 அன்று, கார்கில் போரில் விமானப்படை முறையாக இறங்குவதற்கு ஐந்து நாள் முன்னதாக, மலைமுகடுகளைப் படம்பிடிக்கச் சென்ற மற்றொரு கேன்பராவின் வலப்பக்க எஞ்சினை ஏவுகணை தாக்கியது. ஸ்குவாட்ரன் லீடர்கள் பெருமாளும் ஜாவும் ஒற்றை எஞ்சினோடு ஸ்ரீநகரில் அதைப் பத்திரமாக இறக்கினர். அவர்கள் திரும்பி வந்ததால், எதிரியிடம் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகள் இருக்கின்றன என்ற எச்சரிக்கையும் திரும்பி வந்தது.

அத்தகைய நல்வாய்ப்பு 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இந்தியக் கடற்படையின் அலிஸே விமானத்துக்கு அமையவில்லை. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட இந்த விமானத்தில் விமானி, நேவிகேட்டர், கருவி இயக்குநர் என மூவர் இருப்பர். அவ்வாண்டு டிசம்பர் 9 இரவு இந்தியாவின் குக்ரி போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தபின், அரபிக் கடலில் தேடுதல் தீவிரமாக நடந்தது. மறுநாள், மெதுவாகப் பறக்கும் அலிஸே ஒன்று ஒலியைவிட வேகமான ஸ்டார்ஃபைட்டர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, விஜயன் ஆகிய மூவரும் திரும்பவில்லை.

இத்தகைய இழப்பில் துயருறுவது ஒரு நாடு மட்டுமன்று. 1999 ஆகஸ்ட் 10 அன்று கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் ரோந்து விமானத்தை இந்திய மிக்-21 வீழ்த்தியபோது அதிலிருந்த பதினாறு பேரும் இறந்தனர். எல்லை மீறப்பட்டதா என்பதில் இரு நாடுகளும் எதிரெதிராக நின்றன. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று பன்னாட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. 1969-இல் வடகொரியா வீழ்த்திய அமெரிக்க வேவு விமானத்தில் 31 பேரும், 2018-இல் சிரியப் படையின் ஏவுகணை தவறுதலாகத் தாக்கிய ரஷ்ய விமானத்தில் 15 பேரும் மாண்டனர். போருக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட காலத்தில், எல்லைக்கோட்டின் விளிம்பிலேயே பறப்பது இவர்களின் தொழிலாக இருப்பதால், இறப்புக்குப் பிறகும் இவர்கள் சட்டத்தின் எல்லைக்கோட்டிலேயே நிறுத்தப்படுகின்றனர்.

காணாமற்போனவர் என்ற நிலை

போரில் இறந்தவரின் குடும்பத்துக்கும் காணாமற்போனவரின் குடும்பத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. உடல் கிடைத்தால் சடங்கு நடக்கும், துக்கம் ஓர் ஒழுங்குக்கு வரும். கடலில் மறைந்தவரின் வீட்டிலோ நம்பிக்கையும் துயரமும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகக் குடியிருக்கும். ஒருவர் ஏழாண்டுகள் தகவலின்றிப் போனால் இறந்தவராகக் கருதலாம் என்பது இந்தியப் பொதுச் சட்டத்தின் நிலை. படைகள் விசாரணை நடத்தி அதற்கு முன்னதாகவே முடிவறிவிப்பதுண்டு. ஆனால் ஆணை வந்தாலும் மனம் அதை ஏற்பதில்லை. 1971 போரில் காணாமற்போன 54 வீரர்களின் உறவினரில் சிலர், 36 ஆண்டுகள் கழித்து 2007-இல் பாகிஸ்தான் சிறைகளுக்கே சென்று தேடியது இதற்குச் சான்று.

தேடும் தொழில்நுட்பம் இன்று வளர்ந்திருக்கிறது. தமிழகக் கடலில் 2015 ஜூன் 8 அன்று, அமைதிக்கால ரோந்து முடிந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவரோடு மறைந்தது. நீரில் மூழ்கினால் ஒலித்துடிப்பை அனுப்பும் கருவி அதில் இருந்ததால், நீர்மூழ்கிக் கப்பல் அவ்வொலியைக் கேட்டறிந்து, ஒரு மாதத்துக்குப்பின் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேரோடு புறப்பட்டு வங்கக் கடலில் மறைந்த ஏஎன்-32 போக்குவரத்து விமானத்தின் சிதைவுகளோ, ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான் தெரியவந்தன. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா ஆய்வுக்கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்கள் அவற்றைக் காட்டின. 1942-இல் மறைந்த கேட்டலினாக்களின் குடும்பங்களுக்கு இப்படி எந்த விடையும் கிட்டவில்லை.

நினைவுகூரும் கடமை

போரில் வீழ்ந்தவருக்குக் கல் நடுவது தமிழரின் தொன்மையான மரபு. திண்டுக்கல்லுக்கு அண்டையிலுள்ள தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள், கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அரசன் பெயரைச் சொல்லாமலும் வென்றது யார் என்று சொல்லாமலும், இறந்தவன் பெயரையும் அவன் இறந்த பூசலையும் மட்டும் அந்தக் கல் காத்துவைத்திருக்கிறது.

கடலில் கல் நட இயலாது என்பதால், தென்கிழக்காசியாவிலும் தெற்காசியாவிலும் கல்லறையின்றி மறைந்த 24,000-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் தரைப்படை, விமானப்படை வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தின் போர்க்கல்லறையில் 850-க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். விடுதலைக்குப்பின் மாண்ட வீரர்களுக்காகப் புதுதில்லியில் 2019-இல் தேசியப் போர் நினைவகம் எழுப்பப்பட்டது. இவ்வளவு இருந்தும், 1942 ஏப்ரலில் தமிழகக் கரையின் கதியை நிர்ணயித்த அந்த ஐந்து நாள்களைப் பற்றித் தமிழ்ப் பொதுவாசகர் அறிந்தது மிகக் குறைவு. சென்னை காலியான கதை பல வீடுகளில் பேசப்பட்டது. அந்த எதிரியைக் கண்டு சொல்லி மாண்டவர்களின் கதையோ பேசப்படவில்லை.

இன்று அரக்கோணத்தின் ராஜாளி தளத்திலிருந்து பி-8ஐ விமானங்களும், இராமநாதபுரம் உச்சிப்புளியின் பருந்து தளத்திலிருந்து சிறிய ரோந்து விமானங்களும் ஹெலிகாப்டர்களும் கடலுக்கு மேல் பறக்கின்றன. ஆளில்லா விமானங்கள் ஆபத்தின் ஒரு பகுதியைத் தாங்கத் தொடங்கியுள்ளன. எனினும், கண்டதைப் பொருள்கொண்டு, நெருங்குவதா விலகுவதா என்று தீர்மானிக்க மனிதர் இன்னும் தேவைப்படுவதால், அந்த ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனவே சமூகத்தின் கடமைகள் மூன்று. இறந்தவர்களின் பெயர்களைப் பாடநூலிலும் உள்ளூர் வரலாற்றிலும் சேர்ப்பது முதலாவது. காணாமற்போனவரின் குடும்பத்துக்குத் தெரிந்த உண்மையைத் தாமதமின்றிச் சொல்லி, தெரியாததைத் தேடும் முயற்சியைக் கைவிடாதிருப்பது இரண்டாவது. அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியும் கரையில் வீணாகாதபடி ஆயத்தமாயிருப்பது மூன்றாவது. ரோந்துக் குழுவினர் தம் பங்கைச் செய்தி அனுப்பிய அளவிலேயே நிறைவேற்றிவிடுகின்றனர். எஞ்சிய பங்கு, அச்செய்தியால் காக்கப்பட்டவர்களுடையது.